பதில் வராத வீடுகளுக்குப் பதில் எழுதியவர்

போர்க் கைதிகள் எழுதிய கடிதங்களின் உறைகளுக்கு அஞ்சல்தலை சேகரிப்போரிடம் தனி மதிப்பு உண்டு. அவற்றுள்ளும், 1861 முதல் 1865 வரை அமெரிக்காவை இரண்டாகப் பிளந்த உள்நாட்டுப் போரில் சிறைப்பட்டவர்கள் அனுப்பிய உறைகளைத் தேடித் திரட்டுவோர் பல நாடுகளில் இருக்கிறார்கள். நானும் அந்த ஆர்வத்துக்கு ஆட்பட்டவன். என் தொகுப்பு சிறியது. ஏலங்களில் பேசப்படும் அரிய உறை எதுவும் அதில் இல்லை. ஆயினும், உறையின் மேலிருக்கும் முத்திரைகளைப் படிக்கக் கற்றுக்கொண்ட காலத்தில், அவை போய்ச் சேர வேண்டியிருந்த வீடுகளைப் பற்றியும் படிக்க நேர்ந்தது. அந்த வாசிப்பில்தான் கிளாரா பார்ட்டன் என்ற பெண்மணி எனக்கு நெருக்கமானார்.

அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தை நிறுவியவர் என்றே அவரைப் பெரும்பாலோர் அறிவர். போர்க்களத்தில் காயம்பட்டவர்களுக்குப் பணிவிடை செய்தவர் என்பதும் ஓரளவு தெரிந்த செய்தி. இவ்விரண்டுக்கும் நடுவே, 1865 முதல் 1868 வரை, அவர் செய்த ஒரு வேலை அதிகம் பேசப்படுவதில்லை. அது கடிதங்களைத் திரட்டிய வேலை. போருக்குப் போன மகன் உயிரோடு இருக்கிறானா, சிறையில் இருக்கிறானா, எங்கே புதைக்கப்பட்டான் என்று கேட்டு வந்த கடிதங்களை அவர் ஒரு வாடகை அறையில் அமர்ந்து திரட்டினார். இயன்றவரை அவற்றுக்கு விடையும் தேடினார். அவருடைய நீண்ட வாழ்வில் இதுவே தலையாய பணி என்பது என் எண்ணம். ஓர் அரசு தன் குடிமக்களுக்குச் செய்ய வேண்டிய கடமை ஒன்றை அந்தப் பணி துல்லியமாகக் காட்டிவிட்டது.

எல்லை கடந்த உறைகள்

முதலில், ஒரு கைதியின் கடிதம் எப்படிப் பயணித்தது என்பதைச் சொல்ல வேண்டும். 1861ஆம் ஆண்டின் கோடைக்காலத்துக்குள் வடக்குக்கும் தெற்குக்கும் இடையிலான வழக்கமான அஞ்சல் போக்குவரத்து நின்றுபோனது. தெற்கில் இருப்பில் இருந்த பழைய அஞ்சல்தலைகளை வட அரசு செல்லாதவையாக்கிப் புதியவற்றை வெளியிட்டது. தென்மாநிலக் கூட்டமைப்பும் தனக்கென அஞ்சல்தலை அச்சிட்டது. இதன்பின், எதிரியின் சிறையிலிருந்து ஒருவன் வீட்டுக்கு எழுதும் கடிதம் வெள்ளைக்கொடி ஏந்திய கப்பல்களின் வழியாகவே பெரும்பாலும் எல்லை கடந்தது. வர்ஜீனியாவின் மன்றோ கோட்டையும் ஜேம்ஸ் ஆற்றங்கரையிலிருந்த சிட்டி பாயின்ட்டும் அத்தகைய பரிமாற்றத் துறைகள்.

விதிகள் கடுமையானவை. கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. குடும்பச் செய்தி தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது. உறையை ஒட்டாமல் கொடுக்க வேண்டும். சிறை அதிகாரி படித்துப் பார்த்து, கைதியின் கடிதம் ஆராயப்பட்டது என்ற பொருள்படும் முத்திரையைக் குத்துவார். இரண்டு அரசுகளுக்கும் அஞ்சல் கட்டணம் செலுத்த வேண்டியிருந்ததால், சில உறைகளில் வடக்கின் 3 சென்ட் வாஷிங்டன் தலையும் தெற்கின் 10 சென்ட் ஜெபர்சன் டேவிஸ் தலையும் அருகருகே ஒட்டப்பட்டிருக்கும். ஒன்றையொன்று அழிக்க முனைந்த இரு அரசுகள் ஒரு தாளில் சேர்ந்து நிற்கும் அந்தக் காட்சிக்காகவே சேகரிப்போர் பெரும் விலை கொடுக்கிறார்கள்.

ஒஹையோ மாநிலத்தின் ஜான்சன் தீவு, கேம்ப் சேஸ், மேரிலாந்தின் பாயின்ட் லுக்அவுட், டெலவேர் கோட்டை ஆகிய வடபுலச் சிறைகளின் முத்திரைகள் சந்தையில் அடிக்கடி கண்ணில் படும். ஜார்ஜியா மாநிலத்தில் தென்தரப்பு நடத்திய ஆண்டர்சன்வில் சிறையிலிருந்து வந்த உறையோ மிக அரிது. 1864 பிப்ரவரியில் திறக்கப்பட்ட அந்தத் திறந்தவெளி அடைப்பில் 14 மாதங்களில் ஏறத்தாழ 45,000 பேர் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் சுமார் 13,000 பேர் அங்கேயே மாண்டார்கள். அத்தனை பேர் அடைபட்டிருந்த இடத்திலிருந்து வந்தவற்றில் மிகச் சில உறைகளே எஞ்சியிருப்பது சேகரிப்போனுக்கு அருமை. அதையே ஒரு தாயின் இடத்திலிருந்து பார்த்தால், அது ஆண்டுக்கணக்கான மௌனம். கிளாரா பார்ட்டன் இந்த இரண்டாவது இடத்திலிருந்து பார்த்தவர்.

எழுத்தராக இருந்த பெண்

1821 டிசம்பர் 25 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நார்த் ஆக்ஸ்போர்டில், ஐந்து பிள்ளைகளில் கடைக்குட்டியாகப் பிறந்தார் கிளாரா. மிகுந்த கூச்ச சுபாவம் உடைய குழந்தை. தந்தை இளமையில் படைவீரராக இருந்தவர். அவர் சொன்ன போர்க்கதைகளைக் கேட்டு வளர்ந்தார். அண்ணன் டேவிட் கொட்டகைக் கூரையிலிருந்து விழுந்து படுத்த படுக்கையானபோது, 11 வயதுச் சிறுமியான கிளாரா இரண்டு ஆண்டுகள் அவருக்குத் துணையிருந்து பணிவிடை செய்தார்.

பதினேழாம் வயதில் ஆசிரியையானார். 1852இல் நியூ ஜெர்சியின் போர்டன்டவுனில், கட்டணம் இல்லாத பொதுப்பள்ளி ஒன்றைத் தொடங்கினார். கைவிரலில் எண்ணத்தக்க மாணவர்களோடு தொடங்கிய பள்ளி, சில காலத்திலேயே நூற்றுக்கணக்கானோர் படிக்கும் நிறுவனமாக வளர்ந்தது. வளர்ந்த பள்ளிக்குத் தலைமையாசிரியராக ஓர் ஆண் நியமிக்கப்பட்டார். அவருக்கு ஊதியமும் கூடுதல். கிளாரா வேலையை விட்டு வெளியேறினார்.

அடுத்து அவர் சேர்ந்த இடம் வாஷிங்டன் நகரின் காப்புரிமை அலுவலகம். 1850களின் நடுவில், அரசு அலுவலகத்தில் ஆண்களுக்கு இணையாக ஆண்டுக்கு 1,400 டாலர் ஊதியம் பெற்ற மிகச் சில பெண்களில் அவர் ஒருவர். அங்கும் எதிர்ப்பு வந்தது. பெண்கள் அலுவலகத்தில் அமர்வதை விரும்பாத மேலிடம், நிரந்தர ஊதியத்தைப் பறித்து, நூறு சொற்களுக்குப் பத்து சென்ட் என்ற கணக்கில் படியெடுக்கும் வேலைக்கு அவரை இறக்கியது. பின்னர் அந்த வேலையும் போயிற்று. லிங்கன் அதிபராகத் தேர்வான பிறகே மீண்டும் அழைக்கப்பட்டார்.

அவருடைய வாழ்க்கையை எழுதுவோர் பலரும் இந்த எழுத்தர் பணியை ஒரு வரியில் கடந்து, போர்க்களத்துக்கு விரைகிறார்கள். எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. மணிக்கணக்கில் அமர்ந்து, பிழையின்றி, படிக்கத்தக்க கையெழுத்தில் பெயர்களையும் எண்களையும் படியெடுக்கும் பழக்கம் அங்கேதான் அவருக்குக் கைவந்தது. பின்னாளில் பல்லாயிரம் குடும்பங்களுக்கு உதவியது வீரத்தைவிட இந்தப் பழக்கமே.

களத்தில் தொடங்கிய குறிப்பேடு

1861 ஏப்ரல் 19 அன்று, வாஷிங்டனைக் காக்க வந்துகொண்டிருந்த மாசசூசெட்ஸ் ஆறாம் படைப்பிரிவை பால்டிமோர் நகரில் ஒரு கூட்டம் தாக்கியது. உடைமைகளை இழந்து தலைநகர் வந்து சேர்ந்த வீரர்கள் செனட் மண்டபத்தில் தங்கவைக்கப்பட்டார்கள். அவர்களில் தம் ஊர்ப்பக்கத்துப் பிள்ளைகள் பலர் இருப்பதைக் கண்டார் கிளாரா. உணவும் துணியும் திரட்டிக்கொண்டு போனார். ஊர்ச் செய்தித்தாளை அவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டினார். வீட்டிலிருந்து வரும் சேதிக்கு ஒரு வீரன் எவ்வளவு ஏங்குகிறான் என்பதை அவர் அன்றே கண்டுகொண்டிருக்க வேண்டும்.

களத்துக்குச் செல்ல அனுமதி பெறுவதற்கு 1862 ஆகஸ்ட் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சீடர் மலை, இரண்டாம் புல் ரன், ஆன்டீட்டம், ஃபிரெடரிக்ஸ்பர்க் என்று அடுத்தடுத்த களங்களில் பொருள் வண்டிகளோடு அவர் இருந்தார். ஆன்டீட்டத்தில் ஒரு வீரனுக்குத் தண்ணீர் கொடுக்க அவர் தாங்கிப் பிடித்திருந்தபோது, அவருடைய சட்டைக்கையைத் துளைத்துச் சென்ற குண்டு அந்த வீரனைக் கொன்றது. சாகக் கிடப்பவர்களின் பெயர்களையும் ஊர்களையும் சிறு குறிப்பேடுகளில் எழுதிக்கொள்வதும் அவர் வழக்கமாக இருந்தது. அந்தப் போரில் வீரர்களுக்கு அரசு அடையாள வில்லை எதுவும் கொடுக்கவில்லை. சட்டைப்பையில் ஒரு கடிதமோ, துணியில் தைத்த பெயரோ இல்லாமற்போனால், இறந்தவன் யாரென்று சொல்ல அருகிலிருந்தவனின் நினைவு மட்டுமே மிஞ்சியது.

1862இல் இரு தரப்பும் கைதிகளைப் பரிமாறிக்கொள்ள உடன்படிக்கை செய்திருந்தன. வடபுலப் படையில் சேர்ந்த கறுப்பின வீரர்களைப் போர்க் கைதிகளாக நடத்தத் தென்தரப்பு மறுத்தது. அதைத் தொடர்ந்து 1863இல் அந்த ஏற்பாடு முறிந்தது. இரு பக்கமும் சிறைகள் நிரம்பி வழிந்தன. போர் முடிவதற்குள், இரு தரப்புச் சிறைகளிலும் சேர்த்து சுமார் 56,000 பேர் இறந்தார்கள்.

சிறைக்கொட்டடி என்பது கிளாராவுக்குக் கேள்விப்பட்ட செய்தி மட்டுமன்று. அவருடைய மூத்த அண்ணன் ஸ்டீபன் தெற்கே வட கரோலினாவில் குடியேறித் தொழில் நடத்தியவர். 1864இல் அவரைச் சிறைபிடித்தவர்கள் வடபுலப் படையினர். தங்கை எந்தப் படைக்குத் தொண்டு செய்துகொண்டிருந்தாரோ அதே படையினர். கிளாரா ஜெனரல் பட்லரிடம் முறையிட்டு அண்ணனை விடுவித்தார். நோயுற்றிருந்த ஸ்டீபன் 1865ஆம் ஆண்டின் மார்ச் மாதத்தில் இறந்தார். கிளாரா தம் பெரும்பணியைத் தொடங்கியதும் அதே மாதத்தில்தான்.

அறை எண் 9

1865ஆம் ஆண்டின் தொடக்கத்தில், தென்தரப்புச் சிறைகளிலிருந்து விடுபட்டவர்கள் மேரிலாந்தின் அன்னாபொலிஸ் நகரத்துக்குக் கப்பல்களில் வந்து இறங்கினார்கள். எலும்பும் தோலுமாக வந்தவர்களை விசாரித்து நாடெங்கிலுமிருந்து கடிதங்கள் குவிந்தன. அவற்றைப் பிரித்துப் பார்க்கவோ பதில் எழுதவோ படைத்துறையில் ஆளில்லை. கிளாரா அந்தப் பொறுப்பைத் தாம் ஏற்பதாக லிங்கனுக்கு விண்ணப்பித்தார். அதிபர் இசைந்தார். காணாமற்போன கைதிகளைத் தேட மிஸ் பார்ட்டன் முன்வந்திருக்கிறார் என்றும், வீரரின் பெயர், படைப்பிரிவு, அணி ஆகியவற்றைக் குறிப்பிட்டு அவருக்கு எழுதலாம் என்றும் மார்ச் மாதத்தில் நாளிதழ்களில் அறிவிப்பு வெளியானது. அடுத்த மாதமே லிங்கன் கொல்லப்பட்டார். அறிவிப்பு மட்டும் தன் வேலையைச் செய்தது. கடிதங்கள் வெள்ளமாக வந்தன.

வாஷிங்டன் ஏழாம் தெருவில், கடைகளுக்கு மேல் மூன்றாம் தளத்தில் அவர் வாடகைக்குக் குடியிருந்தார். ஒன்பதாம் எண் அறை அலுவலகமாயிற்று. சில எழுத்தர்கள் துணைக்கு இருந்தார்கள். அவர் வகுத்த முறை எளியது. வந்த கடிதத்திலிருந்து பெயர், படைப்பிரிவு, கடைசியாகக் காணப்பட்ட இடம் ஆகியவை பதிவேட்டில் ஏறும். பெயர்கள் மாநிலவாரியாகத் தொகுக்கப்பட்டுப் பட்டியலாக அச்சிடப்படும். அந்தப் பட்டியல் அஞ்சல் நிலையங்களிலும் பொது இடங்களிலும் ஒட்டப்படும். ஊர் திரும்பிய வீரர்கள் அதைப் படித்து, தாம் அறிந்த பெயரைக் கண்டால் ஒன்பதாம் அறைக்கு எழுத வேண்டும்.

முதல் பட்டியலில் ஏறத்தாழ 1,500 பெயர்கள் இருந்தன. அதிபர் ஆண்ட்ரூ ஜான்சனின் இசைவோடு அரசு அச்சகம் 20,000 படிகள் அச்சிட்டது. இப்படி மொத்தம் ஐந்து பட்டியல்கள் வெளியாயின.

இந்த முறையின் அருமையைச் சற்று எண்ணிப் பாருங்கள். அரசின் ஏடுகளில் இல்லாத செய்தி, ஊர் திரும்பிய லட்சக்கணக்கான வீரர்களின் நினைவில் சிதறிக் கிடந்தது. பக்கத்தில் படுத்திருந்தவன் எந்த இரவில் இறந்தான், ஆற்றைக் கடக்கும்போது யார் பின்தங்கினான், மருத்துவக் கூடாரத்துக்குத் தூக்கிச் செல்லப்பட்டவன் திரும்பினானா என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். அவர்களைக் கேட்பார் இல்லை, அவ்வளவுதான். கேள்வியை நாடெங்கும் அச்சிட்டு ஒட்டி, விடையை அஞ்சல்வழியே வரவழைத்தார் கிளாரா. கடிதம் எழுதிய குடும்பத்துக்கும் கடிதத்தால் விடை தந்த வீரனுக்கும் நடுவே ஓர் அஞ்சல் நிலையமாக அவர் இருந்தார்.

எல்லா விடைகளும் துயரமானவை அல்ல. பட்டியலில் தன் பெயரைக் கண்டு சினந்த ஒரு வீரன், ஊரறியத் தன் பெயரைப் போட்டு அவமானப்படுத்தும் அளவுக்குத் தான் செய்த பிழை என்ன என்று கிளாராவுக்கு எழுதினான். தன்னைத் தேட வேண்டாம், தானே எழுதிக்கொள்வேன் என்பது அவன் வாதம். கிளாரா அவனுக்கும் பதில் எழுதினார். அவன் தன்னைப் பற்றி எண்ணியதைவிட அவன் குடும்பத்தார் அவனைப் பற்றி மிகுதியாக எண்ணியதே இதற்கெல்லாம் காரணம் என்ற பொருளில், அமைந்த நடையில் சூடான பதில் அது.

13,000 பெயர்கள்

அந்தக் கடிதக் குவியலுக்குள் ஆண்டர்சன்வில்லின் மௌனத்தைக் கலைத்த ஒருவனும் இருந்தான். கனெக்டிகட் மாநிலத்தைச் சேர்ந்த டாரன்ஸ் அட்வாட்டர் பதினாறு வயதில் படையில் சேர்ந்தவன், 1863இல் சிறைப்பட்டவன். நல்ல கையெழுத்து இருந்ததால், ஆண்டர்சன்வில் மருத்துவமனையில் இறப்போரின் பதிவேட்டை எழுதும் வேலை அவனுக்குத் தரப்பட்டது. அந்தப் பதிவேடு வடக்கே போய்ச் சேராது என்று அஞ்சிய அட்வாட்டர், யாரும் அறியாமல் இன்னொரு படி எடுத்தான். விடுதலையானபோது அதை மேற்சட்டையின் உட்புறத்தில் மறைத்துக் கொண்டுவந்தான். ஏறத்தாழ 13,000 பெயர்கள், இறந்த நாளோடும் காரணத்தோடும் அதில் இருந்தன.

கல்லறைகளில் நடப்பட்டிருந்த முளைகளில் எண்கள் மட்டுமே இருந்தன. எந்த எண் யாருடையது என்பதற்கு விடை அந்தப் பட்டியலில் இருந்தது. அட்வாட்டர் சொன்னதைக் கேட்ட கிளாரா போர்த்துறையை வலியுறுத்த, 1865 ஜூலையில் கேப்டன் ஜேம்ஸ் மூர் தலைமையில் ஒரு குழு ஆண்டர்சன்வில்லுக்குப் புறப்பட்டது. கிளாராவும் அட்வாட்டரும் உடன் சென்றார்கள். தொழிலாளர்கள் பலகைகளில் பெயர் எழுதி ஒவ்வொரு கல்லறையாக நட்டார்கள். ஆகஸ்ட் 17 அன்று அந்த மயானத்தில் கிளாரா கொடியேற்றினார். ஏறத்தாழ 13,000 கல்லறைகளில் பெயர் தெரியாதவை என்று எஞ்சியவை 460 மட்டுமே.

இந்த ஒப்பீட்டைப் பாருங்கள். போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் 3,00,000க்கு மேற்பட்ட வடபுல வீரர்களின் உடல்களை அமெரிக்க அரசு தேசிய மயானங்களுக்கு மாற்றியது. அவர்களில் பாதியைச் சற்றே தாண்டிய அளவினருக்குத்தான் பெயர் தெரிந்தது. சொந்தப் படையின் பொறுப்பில் இருந்த களங்களில் பெயர் இழந்தவர்கள் அத்தனை பேர். எதிரியின் கொடுஞ்சிறையில் இறந்தவர்களோ ஏறத்தாழ அனைவரும் பெயரோடு கிடந்தார்கள். வேற்றுமைக்குக் காரணம் ஓர் இளைஞனின் கையெழுத்து.

அவனுக்குக் கிடைத்த கைம்மாறு வேறுவிதமானது. பட்டியல் யாருக்குச் சொந்தம் என்பதில் அவனுக்கும் போர்த்துறைக்கும் பூசல் மூண்டது. பட்டியலைத் தன் கையில் மீண்டும் எடுத்துக்கொண்ட அட்வாட்டரைப் படைநீதிமன்றம் திருட்டுக் குற்றத்துக்காகச் சிறைக்கு அனுப்பியது. ஆண்டர்சன்வில்லில் பிழைத்தவன் தன் சொந்த அரசின் சிறையில் கிடந்தான். கிளாராவும் பிறரும் முறையிட, சில மாதங்களில் விடுதலையானான். 1866இல் நியூயார்க் ட்ரிப்யூன் நாளிதழின் உதவியோடு பட்டியல் முழுமையாக அச்சானது. தம் பிள்ளைகளின் முடிவை எத்தனையோ குடும்பங்கள் அதைப் பார்த்துத்தான் அறிந்தன. அட்வாட்டர் பின்னாளில் செஷல்ஸ் தீவுகளிலும் தஹிதியிலும் அமெரிக்கத் தூதரக அதிகாரியானார்.

ஒரு கணக்கறிக்கை

ஒன்பதாம் அறையின் செலவு பெரும்பாலும் கிளாராவின் கைப்பணம். அது தீர்ந்தபின், 1866இல் நாடாளுமன்றம் 15,000 டாலர் அளித்தது. அதுவும் போதாமல், ஊர் ஊராகச் சென்று போர் நினைவுகளை உரையாற்றிப் பொருள் திரட்டினார். மேடை ஏறுவதற்கு இயல்பிலேயே அஞ்சியவர் அவர். குரல் அடைத்து உடல் முறியும் வரை அந்தப் பயணங்கள் தொடர்ந்தன.

அலுவலகத்தை மூடியபின் அவர் நாடாளுமன்றத்துக்கு அளித்த அறிக்கையில் சில எண்கள் உள்ளன. வந்த விசாரணைகள் 63,182. எழுதப்பட்ட பதில்கள் 41,855. முடிவு கண்டறியப்பட்ட வீரர்கள் சுமார் 22,000 பேர். எஞ்சியவர்களுக்கு அவராலும் விடை காண முடியவில்லை. அவர் தேடியவர்கள் பெரும்பாலும் வடபுல வீரர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். தோற்ற தெற்கின் தாய்மாருக்கு அப்படி ஓர் அறை வாய்க்கவில்லை.

அதன்பின் அவர் வாழ்க்கை வேறு திசையில் விரிந்தது. ஓய்வுக்காக 1869இல் ஐரோப்பா சென்றவர் ஜெனீவாவில் செஞ்சிலுவை இயக்கத்தை அறிந்தார். பிரான்ஸ் – பிரஷ்யப் போரில் தொண்டாற்றினார். 1881இல் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தை நிறுவினார். அடுத்த ஆண்டே அமெரிக்கா ஜெனீவா ஒப்பந்தத்தை ஏற்றது. 1889 ஜான்ஸ்டவுன் பெருவெள்ளத்திலும், 1900 கால்வெஸ்டன் புயலிலும் களத்தில் நின்றார். எல்லாவற்றையும் தம் கைப்பிடிக்குள் வைத்திருக்கும் இயல்பும், கணக்கெழுதுவதில் இருந்த நெகிழ்வும் முதுமையில் அவருக்கு எதிராகத் திரும்பின. கடுமையான விமர்சனங்களுக்கிடையே 1904இல் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். 1912 ஏப்ரல் 12 அன்று, 90ஆம் வயதில் மறைந்தார்.

ஒன்பதாம் அறை மறக்கப்பட்டது. 1996இல், இடிக்கப்படவிருந்த அந்தக் கட்டடத்தைப் பார்வையிடச் சென்ற அரசு ஊழியர் ஒருவர், மேல்தளத்துப் பரணில் பழைய தாள்களையும் துணிகளையும், காணாமற்போன வீரர்களுக்கான அலுவலகம் என்று கிளாராவின் பெயரோடு எழுதிய தகரப் பலகையையும் கண்டெடுத்தார். இடிப்பு நின்றது. இன்று அது அருங்காட்சியகம்.

சேகரிப்பும் பொறுப்பும்

சேகரிப்போரின் உலகில் ஒரு வழக்கம் உண்டு. உறையை வைத்துக்கொள்வோம், உள்ளிருந்த கடிதம் பிரிந்து எங்கோ போயிருக்கும். தலையும் முத்திரையும் உறையின் மேல் இருப்பதால் விலையும் அதற்கே. அந்தக் கடிதத்தை எழுதியவன் பிழைத்தானா, அதைப் பெற்றவர்கள் அவனை மறுபடி கண்டார்களா என்பது ஏலப் பட்டியலில் பெரும்பாலும் இடம்பெறாது. உறையின் வழித்தடத்தை ஆராய்வது பயனுள்ள கல்வி. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் முகவரியில் உள்ள பெயரைப் படைப்பதிவேடுகளில் தேடிப் பார்ப்பதையும், கடிதத்தை உறையிலிருந்து பிரிக்காமல் காப்பதையும் சேகரிப்பின் ஒழுக்கமாகக் கொள்ள வேண்டும் என்பேன். கிளாரா பார்ட்டனைப் படித்தபின் நான் அப்படித்தான் செய்துவருகிறேன்.

அரசுகளின் பொறுப்பு இதனினும் பெரிது. படைக்கு ஆள் எடுக்கும்போது பெயர், வயது, உயரம் வரை ஏட்டில் எழுதிக்கொண்ட அரசு, அதே ஆள் காணாமற்போனபோது கேட்டு எழுதிய குடும்பத்துக்குப் பதில் எழுத ஓர் எழுத்தரைக்கூட அமர்த்தவில்லை. அந்த இடைவெளியை நிரப்ப, பதவியற்ற ஒரு பெண் வாடகை அறையில் உட்கார வேண்டியிருந்தது. இந்தக் கடமையைப் பன்னாட்டுச் சட்டம் எழுத்தில் ஏற்கப் பல தலைமுறைகள் ஆயின. 1949ஆம் ஆண்டின் மூன்றாம் ஜெனீவா ஒப்பந்தத்தின்படி, சிறைப்பட்ட ஒவ்வொருவரும் முகாமுக்கு வந்த ஒரு வாரத்துக்குள் தம் நிலையை வீட்டுக்குத் தெரிவிக்கும் அட்டை எழுத வாய்ப்புப் பெற வேண்டும். மாதத்துக்குக் குறைந்தது இரண்டு கடிதங்களும் நான்கு அட்டைகளும் எழுதும் உரிமை அவர்களுக்கு உண்டு. அஞ்சல் கட்டணம் கிடையாது.

ஆனால் இந்த விரிவான உரிமைகள் நாடுகளுக்கிடையிலான போருக்கு உரியவை. அமெரிக்காவில் நடந்தது போன்ற உள்நாட்டுப் போருக்கு அதே ஒப்பந்தங்கள் வகுத்தவை அடிப்படையான சில விதிகளே. மிச்சம் அந்தந்த அரசின் மனச்சான்றைப் பொறுத்தது. உள்நாட்டுப் போர் ஒன்றில் காணாமற்போன பிள்ளைகளின் படங்களை ஏந்தி ஆண்டுக்கணக்கில் வீதியோரம் அமர்ந்திருக்கும் தாய்மாரை இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் கண்டவர்கள் நாம். அவர்கள் கேட்பதும் 63,182 கடிதங்கள் கேட்ட அதே கேள்வியைத்தான்.

அதற்கு விடை சொல்லப் பெரிய கருவிகள் தேவையில்லை என்பதைக் கிளாரா பார்ட்டனின் நான்கு ஆண்டுகள் காட்டுகின்றன. வந்த கடிதத்தைப் பிரித்துப் படிக்க ஓர் ஆள், பெயரைப் பிழையின்றி எழுத ஓர் ஏடு, உயிரோடு திரும்பியவர்களைக் கேட்கும் பொறுமை ஆகியவை போதும். தெரிந்ததை மறைக்காமல் சொல்லும் துணிவும் வேண்டும்; அட்வாட்டரின் பட்டியல் காட்டுவது அதைத்தான். சிறையில் ஒருவன் எழுதிய ஒற்றைப் பக்கத்தைப் படித்துப் பார்த்து முத்திரை குத்த, அந்தப் போரின் இரு தரப்புக்கும் அதிகாரிகள் கிடைத்தார்கள். அவன் வீட்டிலிருந்து வந்த கடிதத்தைப் படிக்கவும் ஓர் அதிகாரி கிடைத்திருக்க வேண்டும்.